தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் உலோகம்
(சோடியம், பொட்டாசியம் பற்றிய 200 ஆண்டுக் கதை)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, எதை எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றியும், ஆண்டு விழா நாடகத்தைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் 1976 முதல் 1979 வரை இங்கே பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். பிறகு மேல்நிலைப் பள்ளிகளில் அதே வேதியியலைச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த சரக்கு அதுதான். ஆகவே அதிலிருந்தே ஒரு கதை சொல்கிறேன். வணிகவியல், வரலாறு படித்த நண்பர்கள் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் சமன்பாடு ஒன்றுகூடக் கிடையாது.

தண்ணீர் தீயை அணைக்கும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கிற உலோகமும் உலகத்தில் உண்டு. கத்தியால் பனீர் மாதிரி வெட்டலாம். தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிதந்துகொண்டே உஸ் என்று ஓடும். சில நேரம் டமார் என்று வெடிக்கும். ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு 1807-லிருந்தே ஒரு பதில் உருவாகி வந்தது. அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருந்தது என்பதை 2015-ல்தான் சிலர் படம் பிடித்துக் காட்டினார்கள். நடுவில் நடந்ததுதான் இந்தக் கட்டுரை.

துப்பாக்கிக் குழாயில் தொடங்கிய கதை

தண்ணீர் ஒரு தனிமம் என்றுதான் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஐரோப்பாவில் நம்பினார்கள். நம் ஊர்ப் பஞ்ச பூதக் கணக்கிலும் நீர் ஒன்று. 1780-களில் பாரிஸ் நகரத்து லவாய்சியர் அதை உடைத்தார். இரும்புத் துப்பாக்கிக் குழாயைச் சிவக்கக் காய்ச்சி, அதன் வழியே நீராவியைச் செலுத்தினார். ஒரு பக்கம் நீராவி போனது. மறுபக்கம் எரியக்கூடிய வாயு வந்தது. அதுதான் ஹைட்ரஜன். தண்ணீரிலிருந்த ஆக்சிஜனை இரும்பு பிடித்துக்கொண்டது. ஆக, உலோகம் தண்ணீரை உடைக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இரும்புக்குச் செஞ்சூடு தேவைப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே லவாய்சியர் 1789-ல் தனிமங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் சுண்ணாம்பு இருந்தது. ஆனால் பொட்டாஷும் சோடாவும் இல்லை. விறகுச் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சினால் கிடைப்பது பொட்டாஷ். நம் பாட்டிமார் சாம்பலால் பாத்திரம் தேய்த்தார்களே, அந்தக் காரம்தான். இவை தனிமமாக இருக்க முடியாது, உள்ளே வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். அது என்ன என்று பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1794 மே 8 அன்று புரட்சிக்காரர்கள் அவர் தலையை வெட்டிவிட்டார்கள்.

டேவி ஆடிய ஆட்டம்

1800-ல் இத்தாலியில் வோல்டா மின்கல அடுக்கைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் அந்த மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டு, அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தார்கள். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை பார்த்த ஹம்ஃப்ரி டேவி என்ற இளைஞர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கார்ன்வால் பகுதியில் பென்சான்ஸ் என்ற கடலோரச் சிற்றூரில் 1778-ல் பிறந்தவர். பெரிய பல்கலைக்கழகப் படிப்பெல்லாம் கிடையாது.

டேவி முதலில் பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர்தான் உடைந்தது, பொட்டாஷ் அப்படியே இருந்தது. சரி, தண்ணீரே வேண்டாம் என்று உலர்ந்த கட்டியை எடுத்தார். அது மின்சாரத்தையே கடத்தவில்லை. அப்புறம்தான் நடுவழி ஒன்று பிடித்தார். கட்டியைக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்து, மேற்பரப்பு மட்டும் லேசாக ஈரம் கோர்க்கவிட்டார். பிளாட்டினத் தட்டில் வைத்து மின்சாரம் கொடுத்தார். கட்டி உருகியது. கீழே, எதிர்முனைப் பக்கம், பாதரசம் மாதிரி பளபளவென்று சின்னச் சின்ன உருண்டைகள் வந்தன. சில உருண்டைகள் வந்த வேகத்திலேயே வெடித்து எரிந்தன. மீதி மேலே வெள்ளைப் படலம் மூடி மங்கிப் போயின.

இது நடந்தது 1807 அக்டோபரில். அப்போது டேவிக்கு வயது 28. பக்கத்தில் உதவிக்கு நின்றவர் அவருடைய உறவுக்காரர் எட்மண்ட் டேவி. உருண்டைகளைப் பார்த்ததும் ஹம்ஃப்ரி அறை முழுக்கக் குதித்துக் குதித்து ஆடினார் என்றும், அவர் அமைதியாகி வேலையைத் தொடரக் கொஞ்ச நேரம் பிடித்தது என்றும் எட்மண்ட் பின்னால் சொல்லியிருக்கிறார். பெரிய விஞ்ஞானிதான், ஆனாலும் ரிசல்ட் வந்த நாளில் நாம் ஆடியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சில நாட்களுக்குள் சோடாவிலிருந்து இன்னொரு உலோகத்தையும் எடுத்துவிட்டார். பொட்டாஷிலிருந்து வந்தது பொட்டாசியம், சோடாவிலிருந்து வந்தது சோடியம். அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று ராயல் சொசைட்டியில் இதைச் சொற்பொழிவாக அறிவித்தார். பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடித்து வெடிக்கிறது, பனிக்கட்டி மேல் வைத்தால்கூட எரிந்து அதில் குழி பறிக்கிறது என்றெல்லாம் அதில் விவரித்திருந்தார். காற்றும் தண்ணீரும் படாமல் இவற்றை நாப்தா எண்ணெயில் வைக்கலாம் என்று கண்டதும் அவர்தான். நம் ஆய்வகத்து மண்ணெண்ணெய் பாட்டிலுக்கு மூதாதை அதுதான். சொற்பொழிவு முடிந்த கையோடு டேவி கடும் நோயில் விழுந்து, பல வாரம் உயிருக்குப் போராடி எழுந்தார்.

ஹைட்ரஜன் யார் வீட்டுச் சொத்து?

புது உலோகத்தை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. உலோகம் என்றால் கனமாக இருக்க வேண்டாமா, தண்ணீரில் மிதக்கிறதெல்லாம் ஒரு உலோகமா என்று சிலர் கேட்டார்கள். இதை "உலோகப் போலி" என்று அழைக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது.

இதைவிடச் சுவையான சண்டை பிரான்சிலிருந்து வந்தது. அப்போது நெப்போலியனுக்கும் இங்கிலாந்துக்கும் கடும் போர். ஆனாலும் டேவியின் 1806-ஆம் ஆண்டு மின்வேதியியல் சொற்பொழிவுக்குப் பாரிஸ் கழகம் பரிசு கொடுத்தது, டேவியும் வாங்கிக்கொண்டார். எதிரி நாட்டுக்காரன் பரிசை வாங்கலாமா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. அறிவுக்கு எல்லை கிடையாது என்று சும்மா மேடையில் பேசுகிறோம். அவர்கள் போர் நடக்கும்போதே அப்படி நடந்து காட்டினார்கள்.

பாரிஸில் கே-லுசாக், தெனார் என்ற இருவர் 1808-ல் மின்சாரமே இல்லாமல், இரும்போடு சேர்த்துக் கடும் சூட்டில் காய்ச்சிப் பொட்டாசியத்தை அதிக அளவில் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு பொட்டாசியம் வெடித்து கே-லுசாக்குக்குக் கண் போகிற நிலை வந்தது. தப்பித்தார். இந்த இருவரும் கேட்ட கேள்விதான் முக்கியம். "பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் வருகிறது, சரி. அந்த ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வருகிறதா, உலோகத்துக்குள்ளிருந்து வருகிறதா? பொட்டாசியம் என்பதே பொட்டாஷும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவையாக ஏன் இருக்கக்கூடாது?"

இன்று இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு இருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. மூன்று ஆண்டு இரு பக்கமும் சோதனைக்குமேல் சோதனை நடந்தது. பொட்டாசியத்துக்குள் ஹைட்ரஜன் இருந்தால், அதை உலர்ந்த ஆக்சிஜனில் எரிக்கும்போது தண்ணீர் உண்டாக வேண்டுமல்லவா? உண்டாகவில்லை. 1811-ல் பிரெஞ்சுக்காரர்கள் பொட்டாசியம் ஒரு தனிமம்தான் என்பதை ஏற்றார்கள். ஹைட்ரஜன் தண்ணீரின் சொத்து என்று வழக்கு முடிந்தது.

குடும்பத்தின் மற்ற பிள்ளைகள்

அதற்குப் பிறகு இந்தக் குடும்பம் பெருகியது. 1817-ல் சுவீடனில் ஆர்ஃப்வெட்சன் ஒரு கல்லில் லித்தியத்தைக் கண்டார். 1860-ல் ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காஃபும் ஊற்று நீரில் நீல நிறக் கோடுகளைப் பார்த்து சீசியத்தையும், அடுத்த ஆண்டு ருபிடியத்தையும் கண்டுபிடித்தார்கள். 1939-ல் மார்கரெட் பெரே கண்ட பிரான்சியம், கண்ணுக்குத் தெரிகிற அளவில் இன்றுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே குணம். அணுவின் வெளிவட்டத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கத் துடிக்கும். தண்ணீர் அதை வாங்கிக்கொள்ளும். இரண்டு உலோக அணுக்கள் ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்தால் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளியே வரும். காரம் தண்ணீரிலேயே தங்கும். பினாஃப்தலீன் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் ரோஜா நிறம் ஆவது அதனால்தான்.

குடும்பத்தில் கீழே போகப் போக அந்த எலக்ட்ரான் கருவிலிருந்து தூரமாகிறது, பிடி தளர்கிறது. அதைப் பிடுங்கத் தேவையான ஆற்றல், மோல் ஒன்றுக்கு, லித்தியத்துக்கு 520 கிலோஜூல், சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, சீசியத்துக்கு 376. உருகும் சூட்டையும் பாருங்கள். லித்தியம் 180 டிகிரி, சோடியம் 98, பொட்டாசியம் 63, சீசியம் 28. நம் ஊர் வெயிலில் சீசியம் தானாகவே உருகிவிடும்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்வேதி வரிசைப்படி பார்த்தால் லித்தியம்தான் முதலிடம். மோல் கணக்கில் மொத்த வெப்பமும் அதற்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனாலும் அது தண்ணீரில் அடக்கமாகக் கொப்பளிக்கும், வெடிக்காது. காரணம், அது உருகாமல் கட்டியாகவே கிடக்கிறது. வினை மெதுவாக நடக்கிறது. சோடியமும் பொட்டாசியமும் உடனே உருகிப் புதுப் பரப்பைக் காட்டுகின்றன. எவ்வளவு ஆற்றல் என்பது ஒன்று, எவ்வளவு வேகத்தில் என்பது வேறொன்று. ஒரு சிரட்டைக் கரி அடுப்பில் தருகிற வெப்பம் அதே எடை வெடிமருந்து தருவதைவிட அதிகம். ஆனால் கரி வெடிப்பதில்லை.

மற்ற உலோகங்கள் ஏன் சும்மா இருக்கின்றன என்றும் கேட்கலாம். கால்சியம் குளிர்ந்த நீரிலேயே நிதானமாக வினைபுரியும். மெக்னீசியத்துக்கு வெந்நீர் அல்லது நீராவி வேண்டும். அலுமினியமும் தண்ணீரை உடைக்கக்கூடியதுதான். ஆனால் மேலே ஒரு ஆக்சைடு படலம் சட்டை போட்ட மாதிரி மூடிக் காப்பாற்றுகிறது. அந்தச் சட்டை இல்லாவிட்டால் நம் வீட்டு அலுமினியக் குண்டானில் உலை வைக்க முடியாது. தங்கமும் வெள்ளியும் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்காத கருமிகள்; தண்ணீரிடம் அவற்றுக்கு வேலையே இல்லை.

பாடப்புத்தகப் பதிலில் ஒரு ஓட்டை

நம் வேதியியல் ஆய்வகத்தில் பயின்ற அனைவருக்கும் லாசைன் சோதனை நினைவிருக்கும். மிளகு அளவு சோடியத்தை வடிதாளில் ஒற்றி, சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கரிமச் சேர்மத்தோடு சிவக்கக் காய்ச்சி, அப்படியே பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் முக்க வேண்டும். பட்டென்று குழாய் உடையும். பெண்கள் பெஞ்சில் ஒரு அலறல், ஆண்கள் பெஞ்சில் ஒரு சிரிப்பு. அப்போதைய அட்டெண்டர் அண்ணன் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம், "தம்பிகளா, ஈரக் கையோட தொடாதீங்க, அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்று மந்திரம் மாதிரி சொல்வார். மூன்று ஆண்டில் ஒரு பையனுக்கும் கை சுடவில்லை. அந்தப் பெருமை அவருக்குத்தான்.

சோடியம் ஏன் வெடிக்கிறது என்பதற்கு அன்றைய பாடப்புத்தகம் சொன்ன பதில் இது: வினையில் வெப்பம் வருகிறது, ஹைட்ரஜன் வருகிறது, வெப்பத்தில் ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து தீப்பிடிக்கிறது, அதனால் வெடிக்கிறது. வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் மட்டும் எழுந்தான். "சார், ஹைட்ரஜன் எரியறதுக்குக் காத்து வேணுமே. தண்ணிக்குள்ள முங்கின சோடியமும் வெடிக்குதுன்னு சொல்றாங்க. அங்க காத்து ஏது?" என்று கேட்டான்.

பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல கேள்விப்பா. இன்னொண்ணும் சேர்த்துக்கோ. ஹைட்ரஜனும் நீராவியும் சோடியத்தைச் சுத்திப் போர்வை மாதிரி மூடிக்கணும். சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா சொட்டு உருண்டு ஓடுதே, அது மாதிரி. அப்படி மூடிக்கிட்டா தண்ணி உள்ளே போகாது, வினை தானா அடங்கணும். ஆனா அடங்காம வெடிக்குது. ஏன்னு எனக்குத் தெரியலை. புத்தகத்திலயும் இல்லை. நீ கண்டுபிடி" என்றார். தெரியலை என்று ஒரு பேராசிரியர் வகுப்பில் சொன்னதை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அவர் மேல் எங்களுக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

மாடி பால்கனியில் கிடைத்த விடை

அந்தக் கேள்வி உலகத்தில் இன்னும் சிலருக்கும் இருந்திருக்கிறது. செக் நாட்டில் பிராகு நகரத்து ஆய்வாளர் பாவெல் யுங்விர்ட்டும், அவரோடு வேலை பார்த்த பிலிப் மேசனும் இதைக் கையில் எடுத்தார்கள். மேசன் முதல் சோதனைகளை ஒரு பால்கனியிலேயே செய்து பார்த்தார் என்றால் நம்புவீர்களா? சோடியக் கட்டி ஒரு நேரம் வெடிக்கும், ஒரு நேரம் வெடிக்காது. மேலே இருக்கும் ஆக்சைடு படலமும் கட்டியின் வடிவமும் செய்கிற கோளாறு அது. அதனால் சோடியமும் பொட்டாசியமும் கலந்த, அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் கலவையை எடுத்தார்கள். அதைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டு, நொடிக்குப் பல ஆயிரம் படம் எடுக்கும் கேமராவில் பதிவு செய்தார்கள்.

படத்தில் தெரிந்தது இதுதான். சொட்டு தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லி நொடிகூட ஆவதற்குள், அதன் உடம்பிலிருந்து முள் முள்ளாக உலோகம் எல்லாப் பக்கமும் பீறிட்டது. பலாப்பழ முள்ளையோ, முள்ளம்பன்றி சிலிர்ப்பதையோ நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தால் தண்ணீர் கொதித்து வெடித்தால் இவ்வளவு சீக்கிரம் இப்படி முள் வராது.

காரணத்தைக் கணினிக் கணக்கு காட்டியது. உலோகம் தண்ணீரைத் தொட்டவுடன் மேற்பரப்பு அணுக்களின் எலக்ட்ரான்கள் பிக்கோ நொடிகளில், அதாவது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்கிற கணக்கில், தண்ணீருக்குள் தாவிவிடுகின்றன. பின்னால் விடப்பட்டவை நேர்மின்னேற்றம் கொண்ட அணுக்கள். நேர்மின்னும் நேர்மின்னும் ஒன்றையொன்று தள்ளும் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். நெருக்கிக்கொண்டு நிற்கிற அத்தனை அணுக்களும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று தள்ளினால்? உலோகம் தன்னைத் தானே கிழித்துக்கொள்கிறது. இதற்குக் கூலும் வெடிப்பு என்று பெயர். மின்னேற்றம் அளவுக்கு மீறினால் ஒரு திரவச் சொட்டு நிலைகுலைந்து பீறிடும் என்று இங்கிலாந்தின் ராலே பிரபு 1882-லேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். யாரும் அதைச் சோடியத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

முள் பீறிட்டதும் புது உலோகப் பரப்பு வெளியே வருகிறது. போர்வையைத் துளைத்துக்கொண்டு புதுத் தண்ணீரைத் தொடுகிறது. வினை பல மடங்கு வேகமாகிறது. பிறகுதான் வெப்பம், நீராவி, ஹைட்ரஜன் தீ எல்லாம். ஆக, பழைய பதில் பொய்யில்லை. முதல் காட்சி அதில் விட்டுப்போயிருந்தது. 2015-ல் இது 'நேச்சர் கெமிஸ்ட்ரி' ஆய்விதழில் வெளிவந்தது.

படத்தில் சொட்டுக்கடியில் நீலமும் ஊதாவும் கலந்த நிறம் ஒரு கணம் தெரிகிறது. தண்ணீருக்குள் தாவிய எலக்ட்ரான்களின் நிறம் அது. தண்ணீரில் தனியாகத் திரியும் எலக்ட்ரானை 1962-ல்தான் முதன்முதலாகக் கருவியில் கண்டார்கள். இதே குழுவினர் 2021-ல் இன்னொரு வேடிக்கை செய்தார்கள். வெற்றிடத்தில் அந்தக் கலவைச் சொட்டின் மேல் கொஞ்சமே கொஞ்சம் நீராவியைப் படியவிட்டபோது, வெடிப்பதற்குப் பதிலாக எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் புகுந்து, சில நொடிகள் தண்ணீரே ஓர் உலோகமாகத் தங்க நிறத்தில் ஜொலித்தது.

2015-ல் அந்தக் கட்டுரையைப் படித்த அன்று என் நண்பனுக்குப் போன் போட முடியவில்லை. அதற்கு ஆறு ஆண்டு முன்பே அவன் காலமாகிவிட்டான். அவன் கேட்ட கேள்வி சரியான கேள்விதான் என்பதை இந்த மலரில் பதிவு செய்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து வீட்டுச் சோடியம்

இதெல்லாம் ஆய்வக வேடிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். சோடியத்தை ஆலைகளில் டன் கணக்கில் தயாரிக்கிறார்கள். அதைத் தேவையில்லை என்று ஒழிப்பதும் பெரும்பாடு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மிச்சமான சுமார் 9 டன் சோடியத்தை அமெரிக்க அரசு 1947-ல் வாஷிங்டன் மாநிலத்து லெனோர் ஏரியில் பீப்பாய் பீப்பாயாக உருட்டிவிட்டு வெடிக்க வைத்தது. அதைப் படமும் எடுத்தார்கள். இன்று அப்படிச் செய்தால் ஜெயில்தான்.

நம் தமிழ்நாட்டிலேயே, கல்பாக்கத்தில், இந்த உலோகத்தை உருக்கித் தண்ணீர் மாதிரி குழாயில் ஓடவிடுகிறார்கள். அங்குள்ள வேக ஈனுலைக்குக் குளிர்விப்பான் சோடியம்தான். முதல் சோதனை உலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. அடுத்த 500 மெகாவாட் முன்மாதிரி உலையில் 2024 மார்ச்சில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கப்பட்டது. அதில் இருக்கும் சோடியம் ஆயிரம் டன்னுக்கு மேல்.

ஏன் இந்த வம்பு? சோடியம் நியூட்ரான்களின் வேகத்தைத் தண்ணீர் அளவுக்குக் குறைக்காது, வெப்பத்தை அருமையாகக் கடத்தும், 883 டிகிரி வரை கொதிக்காது, ஆகவே அதிக அழுத்தம் தேவையில்லை, எஃகை அரிக்காது. எல்லாம் நல்ல குணம், ஒன்றைத் தவிர. மின்சாரம் எடுக்க நீராவி வேண்டும். ஒரு பக்கம் உருகிய சோடியம், மறுபக்கம் உயர் அழுத்தத் தண்ணீர், நடுவில் சில மில்லிமீட்டர் எஃகுக் குழாய்ச் சுவர். அதில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலும் இரண்டும் சந்தித்துவிடும். சோவியத் நாட்டின் பி.என்.-350 உலையில் 1970-களில் அப்படிச் சந்தித்தன. ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று சோடியம் குழாயிலிருந்து வெளியே கசிந்து காற்றில் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் நடந்ததைக் காட்டும் வீடியோவை நிர்வாகம் மறைத்தது வெளியே வந்ததும் மக்கள் நம்பிக்கை போனது. 2016-ல் அந்த உலையையே மூடிவிட முடிவு செய்தார்கள். சோடியம் கசிந்ததைவிட உண்மையை மறைத்தது பெரிய சேதம் செய்தது.

விரிசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் பழைய கதை திரும்பி வருகிறது. தண்ணீர் துளி உள்ளே புகுந்தால் ஹைட்ரஜன் பிறக்கும். ஓடுகிற சோடியத்தில் அந்த ஹைட்ரஜன் துளியூண்டு கூடினாலும் மணி அடிக்கும் உணர்கருவிகளை வைத்திருக்கிறார்கள். கல்பாக்கம் விஞ்ஞானிகளே அத்தகைய கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஹைட்ரஜன் யாருடையது என்று 1808-ல் பாரிஸும் லண்டனும் போட்ட சண்டையில் கிடைத்த விடை, இன்று நம் கடற்கரையில் காவல்காரனாக நிற்கிறது.

மாணவச் செல்வங்களுக்கு

இப்போது ஆய்வகத்தில் சோடியத்தைத் தண்ணீரில் போட்டுக் காட்டுவது குறைந்துவிட்டது. செல்போனில் வீடியோ பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டுக் கிணற்றில் முயற்சி செய்யலாமா என்று என்னிடம் கேட்ட பையன்களும் உண்டு. கூடவே கூடாது. சோடியத் தீயை அணைக்கத் தண்ணீரும் கூடாது, கார்பன்-டை-ஆக்சைடு கருவியும் கூடாது. அதற்கென்று உள்ள உலர்ந்த தூள்தான் வேண்டும். செய்து காட்டுகிற ஆசிரியர்கள் பச்சைப்பயறு அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். கண்ணாடித் தடுப்பும் கண் கவசமும் கட்டாயம்.

இன்னொரு வேண்டுகோள், துறையினருக்கு. பல கல்லூரிகளின் ஸ்டோர் ரூமில் பல ஆண்டு தொடாத பொட்டாசியம் பாட்டில்கள் இருக்கக்கூடும். மேலே மஞ்சள் படிந்திருந்தால் அது சூப்பர் ஆக்சைடு. கத்தி வைத்து வெட்டினால் அந்த மஞ்சளும் உலோகமும் எண்ணெயும் சேர்ந்து, தண்ணீரே இல்லாமல் வெடிக்கும். தொடாமல், விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு அப்புறப்படுத்துங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இந்த ஒரு பத்தி நின்றால் போதும். நம் முன்னாள் மாணவர் சங்கம் ஒரு நாள் செலவழித்து நம் துறை ஸ்டோரைச் சரிபார்க்க உதவினால், கல்வெட்டு வைப்பதைவிட அது பெரிய நன்கொடை.

வகுப்பில் ஒரு கேள்வி தோன்றினால் கையைத் தூக்குங்கள். மார்க்குக்கு உதவாவிட்டாலும் கேளுங்கள். புத்தகத்தில் அச்சானது எல்லாம் முடிந்துபோன விஷயம் அல்ல. 208 ஆண்டு கழித்தும் சோடியத்திடம் சொல்ல ஒரு சேதி மிச்சம் இருந்ததே!

மதிய விருந்தின்போது பாயசத்தோடு மீதியைப் பேசுவோம்.